பார்த்தவர்கள்: பூஜ்யம்

மனை விளம்பரத்தில் 'பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று போட்டிருந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள், மேடம். அந்தப் பத்து நிமிடத்தை இதுவரை எந்தப் புரோக்கரும் நடந்து பார்த்ததில்லை. என் அப்பா நம்பினார். ஓய்வு பெற்ற கையோடு சேலத்துக்கு வெளியே ஒரு மனை வாங்கினார். பத்து நிமிடமும் பொய், முப்பதடி ரோடும் பொய், கடைசியில் மனையே ஓடைப் புறம்போக்கில் இருந்தது. சாகும்வரை அந்தப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தார். பொய் இல்லாத ஒரு வீட்டுமனை ஆப் செய்ய வேண்டும் என்று நான் இறங்கியது அதனால்தான். இந்த வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் கேட்டதும் அதனால்தான். அடுத்தவர் எழுதினால் விவரம் முன்னேபின்னே ஆகிவிடும்.

என் பெயர் பூபதி. கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். என்னோடு ஏழு பேர். ஏபிஐ என்ற சொல் இந்த வழக்கில் அடிக்கடி வரும். பயப்பட ஒன்றுமில்லை. தாலுகா ஆபீஸ் ஜன்னலில் கை நீட்டிக் கேட்டால் உள்ளே இருப்பவர் ஒரு தாளை எடுத்துத் தருவார் அல்லவா, அதையே ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்குவது. உள்ளே இருப்பவர் சாப்பிடப் போக மாட்டார் என்பது மட்டும்தான் வித்தியாசம். வரைபடம் ஓரிடத்திலிருந்து, அரசு வழிகாட்டி மதிப்பு ஓரிடத்திலிருந்து, தண்ணீர் எத்தனை அடியில் என்பது வேறோரிடத்திலிருந்து. பத்திரப்பதிவு விவரத்தை ஒரு தனியாரிடம் வாங்கினோம். அது மட்டும் மூன்று மாதம் பிந்தி வரும்.

ஊர்ப் பெயரைக் கொடுத்துவைத்தால், அந்த ஊரில் நிலம் விற்பனைக்கு வரும்போது போனுக்குத் தகவல் போகும்படி ஒரு வசதி செய்திருந்தோம். வாங்குகிறவர்களுக்காகச் செய்தது. ஆனால் அதை அதிகம் வைத்துக்கொண்டவர்கள் வெளியூரில் கம்பெனி வேலைக்குப் போனவர்கள். ஒரு சென்ட் வாங்க மாட்டார்கள். சும்மா ஊரைப் பார்ப்பார்கள். இது தெரிந்தபோது எனக்கே மனசு நெகிழ்ந்தது. போன வருடம் ஆவணியில் அப்புசாமி என் அலுவலகப் படியேறி வந்ததும் அந்த வசதியைக் கேள்விப்பட்டுத்தான்.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார். வேட்டி மடிப்புக் கலையவில்லை. கையில் ஒரு பையில் தேன்வாழைச் சீப்பு. நிலம் இரண்டரை ஏக்கர் என்றார். சர்வே எண்ணைச் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியைப் பணம் போட்டுத் தாங்கிக்கொண்டிருந்த காளியண்ணன் அந்த நிலத்துக்குப் பின்னால் நூற்று நாற்பது மனை போட்டு வைத்திருந்தார். தார் ரோட்டுக்கு வழி அப்புசாமியின் நிலத்தில்தான். மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார் அந்த மனிதர். அப்படிப்பட்டவர் தானாகவே வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

விலை என்ன போடலாம் என்றேன்.

"எவனும் வாங்காத வெலையாப் போடுங்க சாமி" என்றார். "விக்கறதுக்கில்லீங்க. என்ற புள்ளை பாக்கோணும். அதுக்குத்தான்."

மைதிலி, ஒரே மகள். ஆறு வருடம் முன்பு தன் விருப்பத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இவர் ஊர் பார்க்க ஆற்றில் இறங்கித் தலை முழுகிவிட்டு வந்தார். நம்பரை மாற்றினார். சொந்தத்தில் யாராவது அவள் பெயரை எடுத்தால் பந்தியிலிருந்து எழுந்து போனார். பிறகு மனைவி ஆத்தாயி இறந்துபோனார். மகளுக்குச் சொல்லி அனுப்ப இவருக்கு வழி இல்லை, வழி கேட்க வாயும் இல்லை.

"அவங்கம்மா போனதே அவளுக்குத் தெரியாதுங்க. நானாப் போய் ஆருகிட்டயும் கேக்க முடியலீங்க, மூஞ்சி இல்லீங்களே. நம்ம நெலம் வெலைக்கு வருதுன்னு பாத்தா அவ பொறுக்க மாட்டாளுங்க. கூப்புடுவா."

முதல் படமாகக் கிணற்று மேட்டிலிருந்த மாமரத்தைப் போடச் சொன்னார். மைதிலி பள்ளிக்கூடம் போகும் வயதில் கொட்டை ஊன்றி வைத்தது. முதல் படம் எப்போதும் ரோட்டு முகப்பாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அவருக்காக அதைத் தளர்த்தினேன். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த அமாவாசைக்கு அவர் மறுபடி வந்தார். அமாவாசையன்று காட்டில் வேலை வைக்க மாட்டார், அதனால் அதுதான் தோது. விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை, கொடுத்தவர் கணக்கில் மட்டும் தெரியும். அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் என் மேசையில்தான் பார்க்க வேண்டும். அவர் வருவதற்கு அரைமணி முன்பு நான் திறந்து பார்த்தேன். இருபத்திரண்டு. அவ்வளவும் ஒரே போன், ஓசூர் சிப்காட் பக்கம். ஞாயிறு தவிர தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு. கம்பெனி வேனுக்கு நிற்கும் நேரமாக இருக்க வேண்டும். நிலத்தின் அளவைத் திறக்கவில்லை, விலையைத் திறக்கவில்லை. மாமரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறது.

அந்தப் பெண் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பூர்வீகச் சொத்து, மகளுக்கும் பங்கு உண்டு. பங்கை விடுங்கள், மகள் வந்து நின்ற பிறகு அந்த மனிதர் ஒரு கைப்பிடி மண்ணைக்கூட யாருக்கும் தர மாட்டார். வழி இல்லை என்றால் மனை இல்லை. மனை இல்லை என்றால் காளியண்ணன் இல்லை. மார்கழிக்குள் ஆப்பை மூட வேண்டும், ஏழு குடும்பம் தெருவில் நிற்கும், பொய்யான பத்து நிமிடங்கள் மறுபடி ஊரை ஆளும். நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவில்லை.

ஆப்பை இயக்கும் நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். இந்த விளம்பரம் என்றால் எண்ணிக்கைக்குப் பதில் பூஜ்யம் காட்டு. பதிவுகள் எதையும் அழிக்கவில்லை. தகவலை அழிப்பது எனக்குப் பிடிக்காது. விளம்பரத்துக்கு வரும் அழைப்புகள் எங்கள் எண்ணுக்கு வந்து உரிமையாளருக்குத் திரும்பும். இதற்கு மட்டும் என் போனுக்குத் திருப்பினேன்.

"ஆராச்சும் பாத்தாங்களா சாமி?" என்று கேட்டார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். பூஜ்யம் படிக்க அவருக்கு யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. "புதுசு தானுங்களே, போகப் போகப் பாப்பாங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

இப்படிப் பதினோரு அமாவாசை. ஒருமுறை எங்கள் நித்யஸ்ரீ, நிரல் எழுதுகிற பெண், என்னிடம் வந்தாள். "அண்ணா, அந்த மாமரத்து விளம்பரத்துல கவுண்ட்டர் வேலை செய்யலீங்கண்ணா. பாவம், அந்தத் தாத்தா ஒவ்வொருக்காவும் ஏமாந்து போறாரு. சரி பண்ணட்டுங்களா?" நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நல்ல பெண். இந்த வழக்கில் அவளுக்குச் சம்பந்தமில்லை.

தை மாதம் அந்தப் பெண் கூப்பிட்டாள். பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. பெயர் சொல்லவில்லை. ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

"அந்த எடத்துக்காரரு நல்லா இருக்காருங்களா?"

"நல்லா இருக்காருங்க."

"அவரு ஊட்டுக்காரம்மா?"

ஆத்தாயி இறந்து அப்போது ஒன்றரை வருடம். அதைச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். "அவங்களும் நல்லா இருக்காங்க" என்றேன்.

"அவங்களுக்குப் புள்ளைங்க ஆராச்சும் இருக்காங்கன்னு சொன்னாங்களா?"

"அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிட்டாருங்க."

அதற்குப் பிறகு நாற்பது நொடிக்கு, ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு "செரிங்க" என்று வைத்துவிட்டாள். இனி பார்க்க மாட்டாள், கதை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்குப் பார்த்திருந்தாள்.

பதினோராவது முறை, ஆடிக்கு முந்தைய அமாவாசை, அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று உண்மையான எண்ணிக்கை இருநூற்று அறுபத்தெட்டு.

"ஊர்ப் பேரைக் குடுத்து வெச்சவங்களுக்கெல்லாம் இது போயிருக்குமுங்களா?"

"எல்லாருக்கும் போயிருக்குமுங்க."

"அவ எங்க இருந்தாலும் நம்ம ஊர்ப் பேரை வெக்காம இருக்க மாட்டாளுங்க. எனக்குத் தெரியுமுங்க. இத்தன நாள்ல ஒருக்காவாச்சும் பாத்திருக்கோணுமல்லங்க?"

திரையிலிருந்த பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தார்.

"அப்போ அவ இல்லீங்களா சாமி?"

நீங்கள் நேற்று, அவள் செத்துவிட்டதாக அவரிடம் சொன்னாயா என்று கேட்டீர்கள். சொல்லவில்லை, மேடம். எந்த இடத்திலும் அந்த வார்த்தையை நான் பயன்படுத்தவில்லை. திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது, அதை அப்படியே விட்டேன். அவராகவே எழுந்தார். படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தேடினார். அன்று கொண்டுவந்த பழத்தை வைக்க மறந்து, கையோடு எடுத்துப் போய்விட்டார்.

ஆடி அமாவாசைக்கு ஜேடர்பாளையம் படுகையில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்துத் திதி கொடுத்தாராம். ஆறு வருடம் முன்பு கோபத்தில் செய்ததை இந்த முறை அழுதுகொண்டே செய்தார் என்று ஊர்க்காரர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மறுநாள் எனக்குப் போன் வந்தது. "வித்துக் குடுத்துருங்க சாமி. இனி ஆருக்கு வெக்கறது." ஆடியில் காளியண்ணன் பத்திரம் போட மாட்டார், அந்த விஷயத்தில் மனிதர் சுத்தம். ஆவணி முதல் வாரம் கிரயம் முடிந்தது. வேறு வாரிசு இல்லை, ஒரே மகள் காலமாகிவிட்டாள் என்ற உறுதிமொழியை நான்தான் தட்டச்சு செய்தேன். அதில் கையெழுத்துப் போட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

மாமரத்தை ஒரு காய்ப்பு வரை விட்டுவைக்கக் கேட்டிருந்தார். காளியண்ணன் சரி என்றுதான் சொன்னார். மூன்றாம் நாள் ஜேசிபி வந்தது, டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கஞ்சி கொண்டுபோய் வைத்தும் தொடவில்லை. புரட்டாசியில் போய்விட்டார். வயது அறுபத்தெட்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த காரணத்தில் என் பெயர் இல்லை.

இப்போது நான் முதலில் சொன்ன அந்த மூன்று மாதத் தாமதம். பதிவு விவரம் எங்களுக்கு வந்து சேர்ந்ததும், 'நீங்கள் பார்த்த சொத்து விற்கப்பட்டது' என்று பார்த்தவர்களுக்கெல்லாம் ஆப் தானாகவே தகவல் அனுப்பும். அதை நிறுத்திவைக்க எனக்குத் தோன்றவில்லை. கார்த்திகையில் போயிற்று. கிரயம் நடந்த அன்றே உடனுக்குடன் போயிருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார், இவளும் வந்திருப்பாள். தாமதம் எங்கள் பக்கம் இல்லை, விவரம் கொடுப்பவர் பக்கம். மாற்று வழி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தகவல் கிடைத்த மறுநாளே மைதிலி குழந்தையோடு ஊருக்குப் போய், மனைக்கல் நட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நேராக என் அலுவலகத்துக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். எதிரில் உட்கார்ந்தாள். அப்பா உட்கார்ந்த அதே நாற்காலி.

"எங்கப்பாகிட்ட எத்தனை பேரு பாத்தாங்கன்னு காட்டுனீங்க?"

"பூஜ்யம்" என்றேன். கேட்டால் நான் பொய் சொல்வதில்லை.

அவள் தன் போனை எடுத்தாள். எதையும் எனக்குக் காட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு, "நான் தெனமும் பாத்தனுங்களே" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. இரண்டு தடவை சொன்னாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்கள் நிலையத்துக்கு வழி கேட்டாள். நான்தான் வழி சொன்னேன்.

ஆமாம் மேடம், நான்தான் செய்தேன். மகள் தேடியதை அப்பாவிடமிருந்து மறைத்தேன். அம்மா செத்ததை மகளிடமிருந்து மறைத்தேன். உயிரோடிருந்தவளுக்கு அப்பாவின் கையால் திதி கொடுக்க வைத்தேன். அவர் அதனால்தான் செத்தார் என்பது எனக்குத் தெரியும். எந்தப் பிரிவு என்பதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பிய அன்று காலை, கிளம்புவதற்கு முன் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். மைதிலி இன்னும் தினமும் பார்க்கிறாள். மரம் இப்போது அந்தப் படத்தில் மட்டும்தானே இருக்கிறது. எண்ணிக்கை நானூற்று மூன்று. அப்புசாமியின் கணக்கைத் திறந்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இப்போது என் ஆப்பில் ஒரு பொய்கூட இல்லை.