எட்டாம் நம்பர் சுவர்

– இன்னும் ஒரு தடவை தோளால முட்டிப் பாருங்க. கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு.

– அசைஞ்சது கதவு இல்லை, என் தோள்பட்டை. மழைக்கு மரம் ஊறி நிலையில இறுகியிருக்கு, அவ்வளவுதான். பதறாதே.

– நான் எங்க பதறினேன்? ஸ்கூல்ல பிள்ளைங்க அட்டெண்டன்ஸுக்குக் காத்துக்கிட்டிருக்கும். டீச்சர் இங்க சொந்த வீட்டுக்குள்ளயே கைதியா நிக்கறா. ஜன்னல் வழியா இறங்கலாம்னா எல்லா ஜன்னலுக்கும் கம்பி.

– கம்பி போடச் சொன்னது யாரு?

– நான்தான். திருடனுக்குப் பயந்து போட்டேன். திருடன் வரலை, நாமதான் மாட்டிக்கிட்டோம். போதுமா?

– கார்பென்டருக்குப் போன் பண்ணினியா?

– பண்ணிட்டேன். வரேன்னுட்டார்.

– யாரு?

– பக்கத்து வீட்டு அண்ணன்.

– அவரையா கூப்பிட்டே? வேற கார்பென்டரே கிடைக்கலையா உனக்கு?

– இந்த மழையில யார் வருவா? மூணு பேருக்குப் போட்டேன், அவர்தான் எடுத்தார். "வந்து பார்க்கறேன் தங்கச்சி"ன்னார். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை.

– கேட்டிருக்கலாம். நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். முந்தியெல்லாம் வாய் நிறைய மாப்பிள்ளைன்னு கூப்பிடுவார். வீட்டைக் காலி பண்ணச் சொன்ன அன்னைக்கு "சரிங்க சார்"னு ஒரே வார்த்தை. அந்த சார் இன்னும் காதுல குத்திக்கிட்டே இருக்கு.

– குத்தாம என்ன பண்ணும்? அவர் பொண்ணு பிரசவம் முடிஞ்சு வந்து மாசம்கூட ஆகலை. கொட்டற மழையில கைக்குழந்தையோட அனுப்பினீங்க. ஆட்டோ வர்ற வரைக்கும் படியில நான்தான் அந்தக் குழந்தையை வச்சிருந்தேன். அவர் சொந்தக் கையால செஞ்ச பீரோவை அப்படியே விட்டுட்டுப் போனார்.

– நான் அனுப்பலை. குடியிருப்போர் சங்கம் அனுப்புச்சு.

– சங்கத்துக்கு அளவு கொடுத்தது யாரு?

– மெஷின். எட்டாம் நம்பர் சுவர்ல விரிசல் நாளுக்கு நாள் விரியுதுன்னு மெஷின் சொல்லுச்சு. எட்டாம் நம்பர் அவர் வீடு. பக்கத்து மனையில அவ்வளவு பெரிய பள்ளம் தோண்டி வச்சிருக்கான், அது பூரா தண்ணி. கட்டடம் அசையாம என்ன பண்ணும்? தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்து, சுவர் அந்தக் குழந்தை மேலயே விழுந்தா? நீயே சொல்லு.

– நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா அன்னையிலேருந்து இந்தக் கட்டடத்துல என்கூட யாரும் பேசறதில்லை. நான் படியில இறங்கினா அவங்கவங்க கதவு சாத்துது. நாமளும் போயிடலாம்னு எத்தனை தடவை கெஞ்சினேன்?

– எப்படிப் போறது? மெஷினை வச்சவனே மூட்டையைக் கட்டினா மத்தவங்க என்ன நினைப்பாங்க? அதுவும் இல்லாம நமக்கு என்ன வந்துச்சு? நம்ம சுவர் ஏழாம் நம்பர். மலை மாதிரி நிக்குது. முடி அளவுகூட அசையலை.

– அசையலையா? வாசல் பக்கத்து விரிசல்ல நான் பேப்பர் டேப் ஒட்டினேன். கிழிஞ்சு தொங்குது.

– பசை காஞ்சிருக்கும். மெஷின் இல்லைங்கும்போது உன் டேப் என்ன சொல்லிடப் போகுது? வா, அவர் வரதுக்குள்ள ஒரு வேலையை முடிப்போம். அந்த டார்ச்சைப் பிடி.

– டிக் டிக் பெட்டியா? நல்லா இருக்கு. கதவைத் திறக்க வழியில்லை, மனுஷனுக்கு மெஷின் ஞாபகம்.

– சும்மா உட்கார்ந்தா மூச்சு முட்டுது எனக்கு. கையில ஸ்க்ரூடிரைவர் இருந்தா கொஞ்சம் தேவலை. ஒண்ணாம் நம்பர் மட்டும் முதல் நாள்லேருந்து கண்டபடி குப்பை அளவாவே காட்டுது. சென்சாரை மாத்தினேன், வயரை மாத்தினேன், ஒண்ணும் நடக்கலை.

– நானும் கேக்கணும்னு இருந்தேன். பதினாறு வீட்டுச் சுவரையும் நம்ம ஹால்ல இருக்கற இந்த ஒரு பெட்டி எப்படி அளக்குது?

– ஒண்ணு இல்லை, ரெண்டு பெட்டி. இது டேட்டாலாகர். அளக்கறது, எழுதி வைக்கறது எல்லாம் இதுதான். ஆனா இதுக்கு ஒரு காதுதான். ஒரு நேரத்துல ஒரு சுவர் பேசினாத்தான் கேக்கும். அதுக்குத்தான் பக்கத்துல இந்த மல்டிபிளெக்சர். உள்ள வரிசையா ரிலே இருக்கு, குட்டிக் குட்டி சுவிட்ச். ஒவ்வொரு சுவரா லாகரோட சேர்த்துவிடும். ராத்திரியெல்லாம் உன் தூக்கத்தைக் கெடுக்குதே டிக் டிக், அது இந்த ரிலேதான்.

– எப்போ எதைச் சேர்க்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?

– லாகர் சொல்லும். ரெண்டு வயர் போகுது பாரு. பச்சை ரீசெட். இதுல கரண்ட் வந்தா மல்டிபிளெக்சர் முழிச்சுக்கும். முழிச்சதும் எந்தச் சுவரும் சேராது, சும்மா நிக்கும். மஞ்சள் கிளாக். இதுல ஒரு தட்டு தட்டினா ஒண்ணாம் சுவர் சேரும். இன்னொரு தட்டு, ஒண்ணு விலகி ரெண்டு சேரும். இப்படியே பதினாறு வரைக்கும்.

– அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி. பேரைக் கூப்பிட்டா பிள்ளை எழுந்து நிக்கும், எழுதிட்டு அடுத்த பேர்.

– அதேதான். கல்யாணம் ஆன நாள்லேருந்து புரியாத என் வேலை இன்னைக்கு ஒரு நொடியில புரிஞ்சிருச்சே உனக்கு!

– கதவு திறந்திருந்தா சத்தியமா புரிஞ்சிருக்காது.

– சரி, வாசல் பக்கம் போ. நிலைக்கு இந்தப் பக்கம் விரிசலுக்குக் குறுக்க நம்ம சென்சார் இருக்குல்ல? அதோட கம்பியை விரலால லேசா உள்ள தள்ளு. ஏழாம் நம்பர் ஒழுங்கா மாறுச்சுன்னா பெட்டியில கோளாறு இல்லை, ஒண்ணாம் வீட்டுப் பக்கம்தான் ஏதோன்னு முடிவுக்கு வந்துடலாம்.

– தள்ளிட்டேன்.

– அப்படியே பிடிச்சுக்கோ. பட்டனை அழுத்தறேன். ஓடுது பாரு... ம். நீ தள்ளலையா?

– தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன்! விரல் வலிக்குது.

– ஏழு மாறவே இல்லையே. விடு. கையை எடுத்துடு. மறுபடி ஒரு தடவை ஓட விடறேன்... இப்போ தள்ளு.

– தள்ளியாச்சு. என்ன காட்டுது? என்னங்க?

– எட்டு மாறுது.

– நான் பிடிச்சிருக்கறது நம்ம சுவர்.

– தெரியும்.

– அப்போ அந்த எட்டு...

– இரு, இரு. ப்ரோக்ராமைத் திறக்கறேன். வயரை மாத்தி முடுக்கியிருக்க மாட்டேன், ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதி ஒட்டித்தான் முடுக்கினேன். ரீசெட் சரி. பதினாறு தடவை சுத்தணும், சரி. உள்ள... ஐயோ.

– என்ன ஐயோ? சொல்லித் தொலைங்க.

– அளந்துட்டுத் தட்டுது. தட்டிட்டு அளக்கணும். ரெண்டு வரியை மேலயும் கீழயும் மாத்தி எழுதியிருக்கேன்.

– எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

– உன் அட்டெண்டன்ஸ்தான். யாரையும் கூப்பிடறதுக்கு முன்னாடியே முதல் பேருக்கு நேரா எழுதிட்டேன். அங்க யாருமே நிக்கலை, அதான் குப்பை. அப்புறம்தான் ஒண்ணாம் பிள்ளை எழுந்து நிக்குது. அதை ரெண்டாம் பேருக்கு நேரா எழுதறேன். ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு...

– ஏழு எட்டாச்சு.

– ம்.

– அப்போ இத்தனை நாளா விரியறது அவங்க சுவர் இல்லை.

– இல்லை.

– நான் கை வச்சிருக்கற இந்தச் சுவர்.

– கையை எடு. இந்தப் பக்கம் வா. மெதுவா. கதவுல சாயாதே.

– கதவு மழைக்கு ஊறலை. அப்படித்தானே?

– மேல டார்ச் அடி. கதவுக்கு மேல சுவரைத் தாங்கற கான்கிரீட் கட்டை, அந்த லிண்டல், இறங்கியிருக்கு பாரு. நிலைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தாள் நுழைய இடமில்லை. மேல இருக்கற பாரம் அத்தனையும் நிலை மேலயும் கதவு மேலயும் உட்கார்ந்திருக்கு. நான் போய் அதைத் தோளால முட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

– தீயணைப்புக்குப் போன் போடுங்க.

– அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் யோசிக்க விடு என்னை.

– இதுல யோசிக்க என்ன இருக்கு?

– வண்டி வந்தா என்ன ஏதுன்னு கேப்பாங்க. கட்டடமே திரண்டு வந்து நிக்கும். நல்லா இருந்த வீட்டுலேருந்து கைக்குழந்தையை மழையில விரட்டினவன்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் எவன் என்னை நம்பி ஒரு வயரை முடுக்கச் சொல்லுவான்? நான் சொல்றதைக் கேளு. ரெண்டே வரி. இப்பவே மாத்திடறேன். எப்படியாவது வெளிய போயிடுவோம். நாளைக்கு நானே சங்கத்துல சொல்றேன், எட்டு அடங்கிருச்சு, இப்போ ஏழுல விரியுதுன்னு. அவங்க திரும்பி வரட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? அவங்க பத்திரமா அவர் தம்பி வீட்டுல இருக்காங்க. ஆபத்துல இருக்கறது நீயும் நானும்தான்.

– நல்லா இருக்கு நியாயம். தலைக்கு மேல சுவர் தொங்குது, நீங்க பேரைக் காப்பாத்தப் பார்க்கறீங்க.

– பயமா இருக்குடி எனக்கு. சுவரைக்கூட விடு. அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்னுதான் பயமா இருக்கு.

– தங்கச்சி! நான்தான் அண்ணன் வந்திருக்கேன். உள்ள நல்லா இருக்கியா? சார் இருக்காரா?

– அண்ணே! அதுக்குள்ள வந்துட்டீங்களா? இங்கதான் இருக்கோம், ரெண்டு பேரும்.

– பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம். கொஞ்சம் பின்னால நில்லுங்க. அடேயப்பா, என்ன இறுக்கு இறுகியிருக்கு! இதை இழைச்சு ஒண்ணும் ஆகாது. நிலையையே பேர்த்து எடுத்துடறேன். கடப்பாரை கையிலதான் இருக்கு.

– வேண்டாம் மச்சான்! நிலையில கை வைக்காதீங்க!

– ஏன் சார்? போனா புதுசு செஞ்சு மாட்டறேன். கூலி கேப்பேன்னு பயப்படாதீங்க.

– அதுக்கில்லை. அது வந்து... நல்ல மரம். இப்போ அவசரம் ஒண்ணும் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கலாமே.

– உள்ள மாட்டிக்கிட்டு நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்ற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். ஒரே நெம்பு சார். தங்கச்சி, தள்ளிக்கோ.

– நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

– மச்சான், நிறுத்துங்க! நிறுத்துங்க!

– அண்ணே, கடப்பாரையைக் கீழ வைங்க. அந்த நிலைதான் மேல இருக்கற சுவரைத் தாங்கிட்டு நிக்குது. அதை எடுத்தா எங்க தலையிலயும் விழும், உங்க தலையிலயும் விழும்.

– என்னம்மா உளர்றே? விழப்போறது எங்க வீடுதானே?

– இல்லைண்ணே. அவர் மெஷின்ல நம்பர் ஒண்ணு தள்ளிப் போயிருக்கு. உங்க சுவர்ல ஒண்ணும் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. விரியறது எங்க சுவர். இப்பத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. அண்ணே? கடப்பாரையை வச்சுட்டீங்களா? அண்ணே!

– மச்சான், தப்பு என்னோடது. நான் எழுதினதுதான் தப்பு. உங்களைக் காரணமே இல்லாம வெளிய அனுப்பிட்டேன். இதைக்கூட இப்போ உங்ககிட்ட மறைக்கத்தான் பார்த்தேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. தீயணைப்புக்கு இப்பவே போன் போடறேன், அவங்ககிட்டயும் எல்லாத்தையும் நானே சொல்றேன்.

– அதை அப்புறம் பேசிக்கலாம். சுவர் இன்னைக்கே விழுமா?

– சொல்ல முடியாது. இவ சென்சார்லேருந்து கையை எடுத்த அப்புறமும் அளவு ஏறிக்கிட்டே இருக்கு.

– விழுந்தா எந்தப் பக்கம் விழும்?

– பக்கவாட்டுல வராது. நேரா இறங்கும், தளத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டு. நீங்க படியை விட்டு இறங்கிப் போயிடுங்க மச்சான். எங்களை விடுங்க. உங்க பொண்ணும் குழந்தையும் உங்க தம்பி வீட்டுல இருக்காங்களே, அது போதும் எனக்கு.

– தம்பி வீட்டுல நாலு நாளுக்கு மேல வச்சுக்கலை. சங்கத்துலதான் சாவி கொடுத்தாங்க. ஏழாம் நம்பர் துளி அசையலை, அதுக்கு நேர் கீழ் வீடு காலியாக் கிடக்கு, இருக்கறதுலயே பத்திரமான இடம் அதுதான், அங்க இருந்துக்கோங்கன்னாங்க.

– கீழயா? எங்களுக்குக் கீழயா இருக்கீங்க?

– காலையில நான் கடைக்குப் போயிட்டு வரதுக்குள்ள அங்கயும் கதவு இறுகிப்போச்சு. அதை நெம்பத்தான் கடப்பாரையை எடுத்தேன். குழந்தை இப்பத்தான் தூங்குது, சத்தம் போடாதேப்பா, முதல்ல மேல போய் அத்தைக்குத் திறந்துவிட்டு வான்னு எம்பொண்ணுதான் அனுப்பினா.