கற்பூரம் காட்டாத பெட்டி

— கையை எடு தம்பி. சந்தனம் வெச்ச பெட்டி அது.

— ரங்கம்மாக்கா, நான் இன்னும் தொடவே இல்ல. பார்த்துக்கினுதான் இருக்கேன்.

— உன் பார்வையே கீபோர்டைத் தட்டுது. சும்னிரு. ஆயுத பூஜைக்கு வெச்சதை மறுநாள் எடுக்கிற வரைக்கும் எவனும் தொடக் கூடாது. அதுக்குத்தான் மேனேஜர் இந்த சர்வர் ரூம் சாவியை என் கையில குடுத்திருக்காரு.

— என்னை இன்னிக்கு வரச் சொன்னதும் அதே மேனேஜர்தான்க்கா. மொதல்ல போய், அரை மணி நேரம் லைனை நிறுத்துங்கன்னு கேட்டேன். கஸ்டமர் வர்றாங்கன்னாரு. மறுபடி கேட்டேன். அத்திப்பள்ளி தாண்டி லோடு போவணும்னாரு. அப்புறம் அவரே கூப்பிட்டு, ‘சமியுல்லா, ஆயுத பூஜையன்னிக்கு லைன் தானா நிக்கும், அப்போ பண்ணிக்கோ’ன்னாரு. வந்து பார்த்தா என் சர்வருக்குப் பொட்டு வெச்சு, பூ போட்டு, அது மூச்சு விடற ஓட்டையில எலுமிச்சம்பழத்தைச் சொருகி வெச்சிருக்குது. எனக்குச் சம்பளமே கெஞ்சறதுக்குத்தான் தர்றாங்க போல.

— அவருக்கே போன் போடு.

— எடுக்கல. காவேரிப்பட்டினத்துல மாமியார் வீட்டுல எலை முன்னாடி உக்காந்திருப்பாரு. ஷிஃப்ட் இன்சார்ஜ் திம்மப்பன் அண்ணனைக் கேட்டேன். ரங்கம்மாவைக் கேளுன்னு சொல்லிட்டு பொரி பொட்டலம் கட்டப் போயிட்டாரு.

— ரங்கம்மாவைக் கேட்டா இதான் பதில். போன வருசம் பூஜை முடிஞ்சப்புறம், அவசர ஆர்டர்னு தகடு அழுத்துற மூணாவது பிரஸ் மிஷினை ஓட்டச் சொன்னாங்க. ஓட்டினது நான். இந்தக் கையைப் பாரு.

— தெரியும்க்கா.

— தெரியும்னு சொல்றது ஈஸி தம்பி. ரெண்டு வெரல் போச்சு. அதுக்கப்புறம் தொடப்பம் குடுத்தாங்க, சாவி குடுத்தாங்க. அந்தச் சாவியால நானே கதவைத் திறந்து உன்னைத் தொட விடணுமா? நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, அப்படி என்ன வந்துச்சு இதுக்கு?

— எப்படிச் சொல்றது? மூக்கண்டப்பள்ளியில நீங்க இருக்கிறது லைன் வீடுதானே? ஒரே காம்பவுண்டு, வரிசையா ரூம்?

— ஆமா. ஒருத்தன் இருமினா அஞ்சு வீட்டுக்குத் தூக்கம் போவும்.

— இந்த சர்வரும் அப்படித்தான். ஒரு ரூம்ல கேன்டீன் டோக்கன், ஒரு ரூம்ல அட்டெண்டன்ஸ், ஒரு ரூம்ல பிரஸ் லைன். அந்த ரூமுக்குத்தான் கன்டெய்னர்னு பேரு. ஹைவேயில போற லாரிப் பெட்டி இல்ல. ரூமைக் கட்டி, திறந்து, பூட்டி வெக்கிற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்குது. வீட்டுக்காரம்மான்னு வெச்சுக்கோங்க. எல்லாச் சாவியும் அவங்க இடுப்புல. அவங்க ஒரு ரூமைத் திறந்து எட்டிப் பார்க்கிறப்போ, உள்ள இருக்கிறவன் சாவிக்கொத்தையே உருவிடலாம். இப்போ கண்டுபிடிச்சிருக்கிற ஓட்டை அதுதான். அதை அடைச்ச புது சாஃப்ட்வேரை ஏத்தத்தான் வந்தேன்.

— எங்க வீட்டுக்காரம்மாகிட்ட நடக்காது. அவ கொசுவலைக்கே பூட்டு போடுவா.

— அவங்க இந்த சாஃப்ட்வேரை எழுதியிருந்தா நான் இன்னிக்கு வீட்டுல தூங்கிக்கினு இருப்பேன். கேன்டீன் ரூமுக்குள்ள பெங்களூர்ல இருந்து டோக்கன் கம்பெனிக்காரன் எவனோ தினம் நெட் வழியா வந்து போறான். அவன் பாஸ்வேர்டு எத்தனை பேர் கையில இருக்குதோ. ஓட்டை எங்க இருக்குதுன்னு இப்போ ஊருக்கே தெரியும், திருடனுக்கும் தெரியும். இன்னிக்கு லீவுன்னா அவன் சும்மா இருப்பானா?

— டோக்கனைத் திருடி என்ன பண்ணுவான்? அந்த சாம்பாரைக் குடிக்கவா?

— பக்கத்து ரூமுக்குப் போவான்க்கா. பிரஸ்ல கை குறுக்க வந்தா நிக்கணும்ல, அந்த செட்டிங் இந்தப் பெட்டியில இருந்துதான் போவுது. இதோட சேர்த்து வெக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன். தனிப் பெட்டி வாங்கித் தர மாட்டேன்னுட்டாங்க. எவனாவது புகுந்து அதை மாத்தி வெச்சான்னா, நாளைக்குக் காலையில பிரஸ் நிக்காது. மூணாவதுல நாளைக்கு யாரு?

— கருப்பாயி பொண்ணு. தர்ஷினி. புதுசாச் சேர்ந்தவ. பூஜைக்குன்னு வெரல் நிறைய மருதாணி வெச்சிக்கினு வந்திருக்கா இன்னிக்கு.

— அக்கா...

— சும்னிரு கொஞ்சம். யோசிக்க விடு.

— யோசிங்க. எனக்கும் பயம்தான்க்கா. நாளைக்கு ஒரு பல்பு ஃபியூஸ் போனாக்கூட, பூஜை போட்ட பெட்டியை பாய் தொட்டான், அதான்னு சொல்வாங்க. வீட்டுல மெஹ்னாஸ் காலையிலயே சொன்னா, உங்களுக்கு ஏன் இந்த வம்பு, லீவுதானே, படுத்துக் கெடங்கன்னு. படுத்தேன். மூணாவது பிரஸ்தான் கண்ணுல வருது.

— கற்பூரம் காட்டினப்புறம் தொட்டாத்தான் தப்பு.

— காட்டலையா?

— கற்பூரத் தட்டு இன்னும் இந்தப் பக்கம் வரல. சந்தனம் நானா முன்கூட்டி வெச்சது. கற்பூரம் காட்டுற வரைக்கும் இது வெறும் இரும்புதான். முடிச்சிடு.

— இந்த மூலையில கருப்பா இருக்குதே?

— போன வருசத்துக் கரி. எனக்கு இருக்கிற வெரலுக்கு இவ்ளோதான் தொடைக்க முடியும். உக்காரு.

— எலுமிச்சம்பழம்?

— நான் எடுக்கறேன். நீ உன் வேலையைப் பாரு. ... என்னா முழிக்கிற?

— கீபோர்டுல சந்தனம் காஞ்சு ஒட்டியிருக்குது. என்டர் அழுந்த மாட்டேங்குது.

— முந்தானையால தொடைச்சு விடறேன், இரு. ம், இப்போ தட்டு. ஏன் கதவைப் பார்க்கிற? தட்டு வந்தா நான் நிறுத்தி வெக்கறேன். திம்மப்பன் கேட்டா அம்மாவாசை வரைக்கும் பேசத் தெரியும் எனக்கு.

— பழசை இறக்கிட்டேன். புதுசு ஏறுது. ... ரூமெல்லாம் ஒண்ணொண்ணா எழுந்திருக்குது. அட்டெண்டன்ஸ் வந்துடுச்சு. கேன்டீன் வந்துடுச்சு.

— அந்தக் கை செட்டிங்?

— அதைத்தான் பார்க்கிறேன். ... இருக்குதுக்கா. எவனும் மாத்தல. மூணாவது பிரஸ் கை வந்தா நிக்கும்.

— இன்னொரு தடவை பாரு.

— பார்த்துட்டேன். நிக்கும். அப்பாடா. சரிக்கா, தட்டு எடுத்தாரச் சொல்லுங்க, கற்பூரம் காட்டிடலாம். நான் வெளியில நிக்கறேன்.

— தட்டு இனிமே எங்க வருது தம்பி? காலையிலயே காட்டியாச்சு, மொதல்ல இந்தப் பெட்டிக்குத்தான். சொல்லியிருந்தா உன் கை நடுங்கியிருக்கும். நடுங்கற கையோட மிஷின்கிட்ட உக்காரக் கூடாது. நாளைக்கு எவனாவது கேட்டா, தொட்டது ரங்கம்மான்னு சொல்லு. எனக்கு இன்னும் எட்டு வெரல் இருக்குது.