வெள்ளிக்கிழமைப் பந்தி

இன்பராஜ்: ...சும்மா வாயில வச்சாப் போதும்னுட்டாரு ஆபீஸரு. ஒரே ஒரு வாய். போட்டோ புடிச்சதும் எந்திரிச்சிரலாம்.

நாகூர்கனி: எந்திரிச்சு?

இன்பராஜ்: கையைக் கழுவிட்டு வந்துர வேண்டியதுதான்.

நாகூர்கனி: வாயில வச்சதை என்ன செய்ய? மடியில முடிஞ்சுக்கிட்டு வரவா?

இன்பராஜ்: கேலி பண்ணாதீக பாய். நானே ஒரு...

நாகூர்கனி: யாருலே பாய்? இல்ல, கேக்குறேன். ஒண்ணாப்புல இருந்து 'ஏலே நாகூரு'. மிளகா வத்தலு மூடைக்கு எங்கடையில சாக்கு எடுக்க வந்தாலும் 'ஏலே நாகூரு'தான். டிசம்பர்ல வடக்க மசூதியை இடிச்சு, டவுனு பூரா கடையை அடைச்சாகள்ல, அன்னையில இருந்து பாய். இன்னைக்கு 'பண்ணாதீக' வேற.

இன்பராஜ்: அது... ஒரு மரியாதைக்கு.

நாகூர்கனி: மரியாதை உள்ள வந்துச்சுன்னா மனுசன் வெளிய போயிருவான்லே. உக்காரு. அந்தக் கட்டு மேல உக்காரு, புதுச் சாக்கு. வெள்ளை வேட்டியில தூசி ஒட்டாது.

இன்பராஜ்: உக்கார நேரமில்லலே. உங்க தொழுகையும் முடிஞ்சிருச்சு, ஒன்றரைக்கு மண்டபத்துல இலை போடுறாக. மூணு மதமும் ஒரே பந்தி. அமைதிக் கமிட்டிக்கு நான் செயலாளரு. உங்க தெரு சார்புல நீ. நீ வரலைன்னா நாளைக்கு ஊரு என்ன பேசும்?

நாகூர்கனி: நீயே சொல்லேன்.

இன்பராஜ்: 'கூப்பிட்டுப் பாத்தோம். நம்ம கூட உக்காந்து திங்க மாட்டேன்னுட்டானுக'ம்பாக. அதுக்குன்னே நாலு பேரு நாக்கைத் தீட்டிக்கிட்டுத் திரியுறானுக. போன மாசம் உன் தெரு முக்குல கல்லு விழுந்துச்சுல்ல?

நாகூர்கனி: விழுந்துச்சு. நான் உங்க பந்தியில சாப்பிடலைன்னுட்டா விழுந்துச்சு?

இன்பராஜ்: ஏலே, உன் நல்லதுக்குச் சொல்றேன்.

நாகூர்கனி: ரம்ஜான் மாசம். வெள்ளிக்கிழமை. உச்சிப் பொழுது. யாருலே இந்த நேரத்தைக் குறிச்சது?

இன்பராஜ்: ஆபீஸரு. 'வெள்ளிக்கிழமைன்னா பாய்மாரு எல்லாம் பள்ளிவாசல்ல ஒரே இடத்துல இருப்பாக, கூட்டம் சேர்க்கிறது லேசு'ன்னாரு.

நாகூர்கனி: அடேயப்பா. ஆட்டுக் கிடை மடக்குற மாதிரி.

இன்பராஜ்: நல்ல மனுசன்லே. மனசுல கள்ளம் கெடையாது. ஊரு அமைதியா இருக்கணும்னு தூங்காம அலையுறாரு. பறக்க விடுறதுக்கு வெள்ளைப் புறா கூட வாங்கி வச்சிருக்காரு.

நாகூர்கனி: புறா எந்த மதம்?

இன்பராஜ்: சிரிக்காதலே...

நாகூர்கனி: நீதான் சிரிக்குற. சரி, ஃபாதர் வாராகளா?

இன்பராஜ்: வாராக.

நாகூர்கனி: அவுகளுக்குத் தவக்காலமாச்சே? வெள்ளிக்கிழமைன்னா ஒருசந்தி விரதம் இருப்பாகளே?

இன்பராஜ்: நேத்துப் போயிக் கேட்டேன். 'இலையில கையை வச்சுக்கிட்டு இருக்கேன், மோரு மட்டும் குடிச்சுக்கிறேன்'னாரு.

நாகூர்கனி: ம்... நீ?

இன்பராஜ்: எனக்கென்ன?

நாகூர்கனி: முழுக்கைச் சட்டை போட்டிருக்கியே, என்னைக்கும் இல்லாம. கையைக் காட்டு.

இன்பராஜ்: விடுலே.

நாகூர்கனி: காட்டுங்குறேன்.

இன்பராஜ்: இந்தா, பாத்துக்க.

நாகூர்கனி: மஞ்சக்கயிறு. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருக்க.

இன்பராஜ்: செவ்வாக்கிழமை கட்டுனது. அவுக்குற வரைக்கும் வீட்டைத் தவிர வெளியில எங்கயும் கை நனைக்கக் கூடாது. ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிரலாம்னு... எம் பொண்டாட்டி கோகிலாம்பாளுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டா.

நாகூர்கனி: அப்ப, ஊருல உள்ள அம்புட்டு விரதத்தையும் முறிச்சாத்தான் ஒத்துமை வரும்?

இன்பராஜ்: பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கு. கமிட்டியில வந்து பேசிப் பாரு. நேரம் குறிச்ச அன்னைக்கு நான் வாயைத் தொறந்திருந்தா, 'என்ன அண்ணாச்சி, பாய்க்கு வக்காலத்தா?'ன்னு கேட்டிருப்பானுக.

நாகூர்கனி: கேட்டா? 'ஆமாலே, வக்காலத்துதான்'னு சொல்ல வேண்டியதுதானே. நாக்கு சுளுக்கிக்கிருமா?

பால்பாண்டி: அண்ணாச்சி! இங்கனயா இருக்கீக? கடை கடையாத் தேடுறேன். ஐயா ஜீப்பைக் குடுத்து அனுப்பியிருக்காரு. வாங்க பாய், முன் சீட்டு உங்களுக்குத்தான். ஐயாவோட உத்தரவு.

நாகூர்கனி: வாப்பா பால்பாண்டி. ஆபீஸ் வேலையை விட்டுட்டு இப்பப் பந்தி வேலையா? என்ன சமையலு?

பால்பாண்டி: சாம்பாரு, ரசம், கூட்டு, அப்பளம், பாயாசம். யாருக்கும் சங்கடம் வரக்கூடாதுன்னு சுத்த சைவம். ஐயா ரொம்ப யோசிச்சுச் செஞ்சிருக்காரு.

நாகூர்கனி: தெரியுது.

பால்பாண்டி: இடத்துக்குக் கூடச் சீட்டு ஒட்டியாச்சு. இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம், மறுபடி இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம்... மாத்தி மாத்தி.

நாகூர்கனி: எம் பேரு எங்க ஒட்டியிருக்கு?

பால்பாண்டி: பேரா? பேரெல்லாம் இல்லீங்க பாய். மதம் மட்டுந்தான்.

நாகூர்கனி: கேட்டுக்கிட்டியா இன்பராஜு?

பால்பாண்டி: நேரமாகுது அண்ணாச்சி. பத்திரிகைக்காரக வந்துட்டாக.

இன்பராஜ்: பால்பாண்டி.

பால்பாண்டி: சொல்லுங்க.

இன்பராஜ்: போயி ஐயாகிட்டச் சொல்லு. நாங்க வாரோம். ஃபாதரையும் கூட்டிக்கிட்டு நடந்தே வாரோம். பந்தியில பக்கம் பக்கமா உக்காருவோம். ஆனா ஒரு பருக்கை தொடமாட்டோம்.

பால்பாண்டி: அண்ணாச்சி!

இன்பராஜ்: அந்தச் சீட்டையெல்லாம் நாங்க வரதுக்குள்ள கிழிச்சிரு. நீ கிழிக்கலைன்னா நான் வந்து கிழிப்பேன். ஆக்குனதைப் பசிச்சவுகளுக்குப் போடச் சொல்லு, பஸ் ஸ்டாண்டுல நெறையப் பேரு இருக்காக. மைக்கை மட்டும் எடுத்து வை.

பால்பாண்டி: மைக்கு எதுக்கு?

இன்பராஜ்: எங்க மூணு பேரு இலையும் ஏன் காலியா இருக்குன்னு நான் சொல்லணும். மூணு பேருக்குமே விரதம், எங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டா இலை போட்டீகன்னு கேக்கணும்.

பால்பாண்டி: ஐயா மனசு ஒடைஞ்சிரும். கமிட்டியில சும்மா விடுவாகளா? செயலாளரு பதவி...

இன்பராஜ்: போனாப் போகுது. என்ன, வக்காலத்தான்னு கேட்டா, ஆமா, வக்காலத்துதான்னு சொல்லிக்கிறேன். நீ போ. ஜீப்பை எடு.

பால்பாண்டி: நான் எப்படி இதை அவருகிட்ட... சரி. போறேன்.

இன்பராஜ்: என்னலே அப்படிப் பாக்குற?

நாகூர்கனி: ஒண்ணுமில்ல. ரொம்ப நாள் கழிச்சு உன் தொண்டையைக் கேட்டேன்.

இன்பராஜ்: எந்திரி. முதல்ல உன்னையச் சொல்றேன் மைக்கில. 'நாகூர்கனி நோன்பு வச்சிருக்கான், விடியிறதுக்கு முன்னால இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல'ன்னு...

நாகூர்கனி: அதைச் சொல்லாத.

இன்பராஜ்: ஏன்?

நாகூர்கனி: வேற என்னமும் சொல்லு. அது வேண்டாம்.

இன்பராஜ்: பயமா? இம்புட்டு நேரம் என்னையத் தூண்டிவிட்டுட்டு...

நாகூர்கனி: பயமில்லலே. பொய்யி. நான் நோன்பு இல்ல.

இன்பராஜ்: ...என்னது?

நாகூர்கனி: சக்கரை வியாதி. பட்டினி கெடந்தா மயங்கி விழுந்துருவேன்னு டாக்டரு கண்டிச்சுச் சொல்லிட்டாரு. போன வருசமும் இல்ல, இந்த வருசமும் இல்ல. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். கதவைச் சாத்திக்கிட்டுத் திம்பேன்.

இன்பராஜ்: அடப்பாவி! அப்ப ஒரு வாய் தின்னுட்டு வந்திருக்கலாம்லலே? எதுக்கு இம்புட்டு மல்லுக்கட்டு? எதுக்கு என்னைய...

நாகூர்கனி: திங்க முடிஞ்ச நான் அங்க போயித் தின்னு போட்டோவுல சிரிச்சேன்னு வையி... வயித்தைக் காயப்போட்டுக் கெடக்குற எங்க தெரு பூராவும் ஒத்துமைக்கு ஆகாதவுக ஆயிருவாக. காலையில நாலு இட்லி தின்னேன். சாயங்காலமும் திம்பேன். ஆனா அந்த இலையில தொடமாட்டேன். மைக்கில இதை மறைக்காமச் சொல்லுலே.