அழகையா பேரில்

மிளகுக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தும்முவார்கள். கூச்சப்படாமல் தும்முங்கள், வக்கீல் ஐயா. வந்த புதிதில் எனக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. அழகையா விஷயமாகத் தொழிற்சங்கம் உங்களை அனுப்பியிருப்பதாக ஹாஜியார் சொன்னார். கேளுங்கள். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

நான் மாணிக்கவாசகம். மாத்தளை டவுனில் ஜுனைதீன் ஹாஜியாரின் இந்தக் கடையில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. மிளகு, கிராம்பு வாங்குகிறோம். யூரியா மாதிரிப் பசளை, பெட்டரி, மண்ணெண்ணெய் விற்கிறோம். எல்லாம் கணக்கு மென்பொருளில் இருந்தது. இருந்து என்ன பயன்? பழைய பில் ஒன்று வேண்டுமென்றால் மாதம் மாதமாகத் திறந்து பார்க்க வேண்டும். ஹாஜியார் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவார். அது எனக்குப் பிடிக்காது.

அதனால் ஒரு தேடுபொறியை எடுத்து இதே கம்ப்யூட்டரில் போட்டு, அத்தனை கணக்கையும் அதற்குள் ஏற்றினேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு சாமானின் பெயரை அடித்தால் போதும், வாங்கியவர்கள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். அதிகம் வாங்கியவர் மேலே. ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அல்லாஹ்வே, இது நம்மட கடையா தம்பி?" என்றார். என்னை அப்படி யாரும் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

போன வருஷம் ஒரு காலையில் சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் என் அடையாள அட்டையைக் கேட்டார்கள். இருவரில் பெரியவர் என் தமிழ்ப் பெயரைப் படித்துவிட்டு, அட்டையைத் திருப்பித் தராமல் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் பயந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பயம் வேறு, ஒத்துழைப்பு வேறு. குண்டு செய்ய உதவுமாம், பெட்டரியும் யூரியாவும் யார் அளவுக்கு மீறி வாங்குகிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். தலையைச் சொறியாமல், நாளைக்கு வாருங்கள் என்று இழுக்காமல், இரண்டு சொல்லை அடித்தேன். கண் மூடித் திறப்பதற்குள் மேலே வந்து நின்றது அழகையா பெயர். அடுத்த ஆள் எங்கேயோ கீழே கிடந்தார்.

அதில் பொய் எதுவும் இல்லை.

தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற லயத்துச் சனம் வீட்டுக்குப் பின்னால் மரங்களில் மிளகு படரவிடுவார்கள். நிலம் தோட்டத்துடையது, ஆகவே மிளகும் தோட்டத்துடையது என்பார் தோட்டத்தை நடத்துகிற துரை. அதனால் யாரும் சொந்தப் பெயரில் விற்பதில்லை. அழகையா பென்ஷன் வாங்கி, தோட்டத்துக்கு வெளியே துண்டு நிலத்தில் குடியிருந்தவர். மொத்த லயமும் அவர் பெயரில் விற்கும். மிளகுக்குப் பதிலாக எடுக்கிற ரேடியோ பெட்டரியும், மரக்கறிப் பாத்திக்கு யூரியாவும் அவர் பெயரிலேயே போகும். இந்தக் கடையில் மூட்டை தூக்குகிறவனுக்குக்கூட அது தெரியும்.

எனக்கும் தெரியும். தெரியாது என்றா சொன்னேன்?

கணக்கு மென்பொருளில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. எந்த மூட்டை கிருஷ்ணம்மாவுடையது, எந்தப் பெட்டரி வேலம்மா வீட்டுக்கு என்று அதில்தான் எழுதுவோம். ஆளுக்கொரு விதமாகக் கண்டபடி தட்டியிருந்தார்கள். அதையும் ஏற்றினால் தேடல் இழுத்துக்கொண்டு நின்றது. எனவே அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதை ஏற்றினேன். வேகமாக வேலை செய்தது.

"இது சரியா?" என்று பெரியவர் கேட்டார்.

"சரி" என்றேன்.

"வேறு ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை" என்றேன். பழைய மென்பொருள் அதே திரையில், ஒரு கிளிக் தூரத்தில் இருந்தது. அதைத் திறந்து காட்டியிருந்தால், நான் கட்டியது ஓட்டை என்று என் வாயாலேயே சொன்னதாகும். அடையாள அட்டை என் கைக்கு வந்தது. அன்று மாலையே அழகையாவை வேனில் ஏற்றினார்கள். எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஒரு ஆள் இல்லை என்கிறார்களாம்.

ஹாஜியார் கெஞ்சினார். "அந்த மனுசன்ட பேர்ல முழு லயமும்தான் சாமான் எடுக்குதுண்டு போய்ச் சொல்லுங்களேன் தம்பி." கேட்டால் சொல்கிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை.

அப்புறம் லயத்துக்காரர்கள் இன்னொரு பென்ஷன்காரர் பொன்னையா பெயரில் விற்கத் தொடங்கினார்கள். நான் அவரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடையின் நடைமுறையில் நான் எதற்குத் தலையிட வேண்டும்? அதே பெரியவர் திரும்ப வந்தபோது அதே இரண்டு சொல்லை அடித்தேன். பொன்னையா மேலே வந்தார். "சரியா?" "சரி." ஆமாம், இரண்டாம் தடவை என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கேள்விக்குத் தடவைக்கொரு பதில் சொல்கிற பொறியை யார் நம்புவார்கள்?

பொன்னையாவையும் வேனில் ஏற்றிய பிறகு பெயர் கொடுக்க ஆளில்லை. லயத்தில் மிளகு பூசணம் பிடித்துக் கிடக்கிறதாம்.

போன கிழமை அழகையாவின் மனைவி ராசம்மா ஒரு மிளகுச் சாக்கோடு வந்தாள். எப்போதும் அழுவாள், அன்று அழவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இனிமே எல்லாத்தையும் என் பேர்லயே போடுங்க ஐயா. பெட்டரி, யூரியா, லயத்துல யாருக்கு எது வேணும்னாலும் என் பேர்லயே போடுங்க."

"எதற்கம்மா?" என்றேன்.

"அப்பவாவது என்னையும் அவர வச்சிருக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்கல்ல."

ஹாஜியார் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மா என்ன கேட்டாளோ அதைத்தான் நான் செய்தேன். யூரியா, பெட்டரி, பெயர் ராசம்மா. இதையும் நாளைக்கு என் தலையில் கட்டுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் குறிப்பு என்ற கட்டத்தில் 'தானாகக் கேட்டு வாங்கியது, எனக்குச் சம்பந்தமில்லை' என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறேன்.

தேடினால் அது மட்டும் வராது.