வர்றேன் என்றுதான் சொன்னார்

தேநீர் நன்றாக இருக்கிறது ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, கேட்டீர்களே என்று சொன்னேன்.

உங்கள் மொழி எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும் என்று கேட்டது நான்தான். இந்தத் தங்கச்சியை வரவழைத்ததற்கு நன்றி. இப்படிப்பட்ட விஷயத்தில் ஒரு வார்த்தை முன்னே பின்னே போனால் ஒரு மனுஷன் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

என் சகலையின் உடலை இன்று காலை மீனவர்கள் கொண்டுவந்ததாகச் சொன்னீர்கள். வருத்தமான செய்தி. சகலை என்றால் என்ன உறவு என்று நீங்கள் கேட்டபோது தங்கச்சி கொஞ்சம் திணறினார். உங்கள் மொழியில் அதற்குத் தனியாக ஒரு சொல் இல்லை. கொடுத்துவைத்தவர்கள். அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். ரத்த சம்பந்தம் கிடையாது, வாய்க்கால் வரப்புத் தகராறு கிடையாது. மாமனார் வீட்டுச் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டிய இரண்டு ஆண்கள், அவ்வளவுதான். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் இடம் அவருக்கு.

அவர் கெட்டவர் இல்லை. கலகலப்பானவர். அவர் இருக்கிற இடத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். சிரிப்பதற்கு எதிரே ஒரு பொருள் வேண்டுமில்லையா, அதற்கு நான் இருந்தேன். என் கல்யாண வரவேற்பிலேயே, வந்தவர்களிடம் என் தோளில் கைபோட்டுக் காட்டி, "மாப்பிள்ளை நான்தாங்க. இது ஸ்டெப்னி" என்றார். வண்டிக்குப் பின்னால் படுத்துக் கிடக்கும் உபரி டயர். மண்டபமே சிரித்தது. மாலை போட்டிருந்ததால் நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மாமியார் மட்டும் மரியாதை விட்டுப்போகக் கூடாதென்று 'ஸ்டெப்னி மாப்பிள்ளை' என்பார்.

இந்த ஊரில் நான் வேலை பார்த்திருக்கிறேன் என்பது உங்கள் காகிதங்களிலேயே இருக்கும். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு விடுதியில், வரவேற்பு மேஜையில். அந்த வேலையில் மொழி தெரிந்தால் போதாது, பக்குவம் வேண்டும். குளியலறையில் கரப்பான் என்று எங்கள் ஊர் ஆள் ஒருவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். நான் மேலாளரிடம், "சார் கொஞ்சம் பெரிய அறையாகப் பார்க்கிறார்" என்பேன். அந்த ஆளை வெளியே பிடித்துத் தள்ளு என்பார் மேலாளர். நான் திரும்பி, "உங்களை மாதிரி ரசனை உள்ளவங்க வர்றது எங்களுக்குப் பெருமைன்னு சொல்றார்" என்பேன். இருவரும் கைகுலுக்கிக்கொள்வார்கள். நான் இருந்தவரை அங்கே ஒரு அடிதடி நடந்தது கிடையாது. அந்தப் பழக்கம் விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பயணத்துக்கு ஏற்பாடு செய்தவள் என் மனைவி. பாஷை தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கும்போது வழிகாட்டி எதற்கு என்றாள். ஆக, இரண்டு தம்பதிகள், ஒரு பாய்மரப் படகு, அதை ஓட்ட ஒரு பெரியவர். காலையில் கிளம்பி, தீவுகளைச் சுற்றிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவதாக ஏற்பாடு.

படகில் கால் வைத்ததும் நான் பேசியதைக் கேட்டு, எங்கள் ஆள் மாதிரியே பேசுகிறாயே என்று படகோட்டி என்னைப் பாராட்டினார். "என்ன ஸ்டெப்னி, ஆள் என்ன சொல்றார்?" என்று சகலை கேட்டார். "அண்ணனைப் பார்த்தா ராஜா மாதிரி இருக்குன்னு சொல்றார்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாருங்கள், என்னைப் பாராட்டியதைக்கூட அவருக்கே எடுத்துக் கொடுத்தவன் நான். என்னைப் போய்ப் பொறாமைக்காரன் என்கிறீர்கள்.

பிறகு மிதவைச் சட்டை. படகோட்டி ஆளுக்கு ஒன்று நீட்டி, நீச்சல் தெரியாதவர்கள் இதைக் கழற்றவே கூடாது என்றார். அதைப் போட்டால் போட்டோவில் தொப்பை தெரியும் என்று சகலைக்குக் கவலை. போட்டே ஆகணுமான்னு கேளு என்றார். நான் படகோட்டியிடம் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு, "பயப்படுறவங்க போட்டா போதுமாம்ணே" என்றேன். உடனே அதை ஓரமாகப் போட்டுவிட்டார். ஒருவர் மனம் கோணாமல் நடந்துகொள்வது குற்றமா என்று தெரியவில்லை. நான் போட்டுக்கொண்டேன். எனக்குப் பயம் உண்டு, அதை நான் மறைத்ததே இல்லை.

அன்று கடல் அவ்வளவு அழகாக இருந்தது. தண்ணீருக்கடியில் பாறைகூடத் தெரிந்தது. எல்லாருக்கும் நல்ல மனசுதான் வந்திருக்க வேண்டும், எனக்கும் வந்தது. சாப்பாட்டு நேரம் வரை சகலை என் நீச்சலைப் பற்றியும் என் சம்பளத்தைப் பற்றியும் எனக்கு இன்னும் பிள்ளை இல்லாததைப் பற்றியும் பேசிச் சிரிக்கவைத்தார். அதெல்லாம் எனக்குப் பழக்கம். அது காரணம் என்று எழுதிவிடாதீர்கள்.

சாப்பிட்ட பிறகு என் மனைவி கை கழுவிவிட்டு, "ஸ்டெப்னி, அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுங்க" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை ஐயா. சிரித்திருந்தால் ஒன்றுமில்லை. யாரும் சிரிக்கவில்லை. வேறு பெயர் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை என்பதுபோல, அத்தனை இயல்பாக, 'எடுங்க' என்று மரியாதையும் சேர்த்துச் சொன்னாள். துண்டை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு வலித்தது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

கடைசி இடம் அந்த மணல்திட்டு. இரண்டு தீவுகளுக்கு நடுவே கடல் வற்றும்போது மட்டும் எட்டிப்பார்க்கிற வெள்ளை மணல். பெண்கள் இருவரும் குமட்டலுக்கு மாத்திரை போட்டுப் படகின் நிழலில் படுத்துவிட்டார்கள். நானும் சகலையும் இறங்கினோம். படகோட்டி எதிரே இருந்த மலையைக் காட்டினார். சூரியன் அதன் உச்சியைத் தொடுவதற்குள் படகில் ஏறிவிட வேண்டும், அப்புறம் இந்த மணல் ஆள் உயரத் தண்ணீருக்குள் போய்விடும் என்றார். ஆமாம், சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவரை விட்டுவிடுங்கள்.

"என்னவாம்?" என்றார் சகலை. "அந்த மலைக்குப் பின்னாடி சூரியன் இறங்குறப்போ இங்கிருந்து பார்த்தா அருமையா இருக்குமாம்ணே. நிதானமா வரச் சொல்றார்" என்றேன். இதிலும் சூரியன் இருக்கிறது, மலை இருக்கிறது. மொழிபெயர்ப்பில் சில சமயம் ஒரு சொல் விட்டுப்போகும், தங்கச்சிக்குத் தெரியும். சகலை கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பாறைகளைத் தாண்டி மறு கோடிக்குப் போனார்.

நான் திரும்பிவந்து படகில் ஏறினேன். அண்ணன் எங்கே என்று படகோட்டி கேட்டார். சற்றுத் தள்ளி இன்னொரு சுற்றுலாப் படகு நங்கூரம் போட்டு நின்றது. அந்தப் படகில் அவருக்குச் சிநேகிதர்கள் கிடைத்துவிட்டார்கள், அதில் வந்துவிடுவார் என்றேன். அவர்களிடம் சொல்லியாகிவிட்டதா என்றார். சொல்லியாகிவிட்டது என்றேன். விடுதியில் இருந்தபோதும் இப்படித்தான். சொல்லியாகிவிட்டது என்று சொல்லிவிட்டால் மனிதர்களுக்கு ஒரு நிம்மதி. அவர் நங்கூரத்தை எடுத்துப் பாயை ஏற்றினார்.

அப்போதுதான் சகலை பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "வர்றேன், வர்றேன்" என்று கத்தினார். படகோட்டி பாயின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார், முதுகு அந்தப் பக்கம். உன் அண்ணன் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.

விடைபெறுகிறார் என்றேன்.

தங்கச்சி, நீங்களே சொல்லுங்கள். நம் வீடுகளில் யாராவது கிளம்பும்போது 'போறேன்' என்பார்களா? சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள். ஊருக்குப் போகிறவனும் 'வர்றேன்' என்பான், கோபித்துக்கொண்டு நிரந்தரமாகப் போகிறவனும் 'அப்போ நான் வர்றேன்' என்பான். அன்று முழுவதும் நான் சொன்ன மொழிபெயர்ப்புகளில் இது ஒன்றுதான் அகராதிப்படி சரியானது. இதற்குப் போய் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

விடைபெறுகிறவர் எதற்காகப் படகைப் பார்த்து ஓடிவர வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஆமாம், ஓடிவந்தார். முழங்கால் வரை, அப்புறம் இடுப்பு வரை. மனசு கேட்காமல் வழியனுப்ப வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க வேண்டும் என்று தீர்மானித்தேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இன்னொரு படகு சற்று நேரத்தில் தீவின் மறுபக்கமாகப் போய்விட்டது. அதையும் பார்த்தேன். சூரியன் மலையைத் தொட்டதையும் பார்த்தேன். படகோட்டி சொன்னபடி அருமையாக இல்லை, அப்படிச் சொன்னது நான்தான் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

கரை நெருங்கும்போது என் மனைவியின் அக்கா விழித்து, அவர் எங்கே என்று கேட்டார். "வர்றேன்னு சொன்னாருங்க" என்றேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

என் மனைவி நேற்று உங்களிடம் பேசும்போது 'என் வீட்டுக்காரர்' என்று சொன்னதாகத் தங்கச்சி சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சகலை மேல் உள்ள துக்கத்தால் என்று நீங்கள் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள், அவர் அத்தனை முறை கூப்பிட்டும் நான் பதிலே சொல்லவில்லையா என்று. மூத்தவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் வளர்ப்பில்லை என்னுடையது. கையைத் தூக்கிக் காட்டி, "சரிண்ணே, போயிட்டு வாங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், பக்கத்தில் இரண்டு பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.