துவாய் காட்டியவன்

வாய்க்குள் மணல். கண்ணுக்குள்ளும் மணல். பாறையடியில் குப்புறக் கிடக்கிறேன். துறைமுகப் பக்கம் "குப்" என்று ஒரு சத்தம். எண்ணத் தொடங்குகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. பதினொன்றில் விழுகிறது. தென்னைகளுக்குப் பின்னால். நிலம் குலுங்குகிறது. சனிக்கிழமை. காலை ஏழு பத்து. சல்லிக் கரை.

"ஓடாதேங்கோ! விழுந்து படுங்கோ!"

யாரோ கத்த, வலை இழுக்க வந்திருந்த இருபது பேரும் படுத்துவிட்டார்கள். கடலில் எங்கள் தோணி நிற்கிறது. அதில் மூன்று பேர். தோணியை நடத்துகிற மண்டாடி என் அண்ணன் யோகன். தண்டு வலிக்கச் சிவலிங்கமும் வேலனும்.

யார் அடித்த பீரங்கிச் செல் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. செல் பெயர் சொல்லிக்கொண்டு விழுவதில்லை.

பதினொரு நாள் கடலுக்குத் தடை இருந்தது. அன்றுதான் விட்டார்கள். பன்னிரண்டு மணி வரைக்கும். வீடுகளில் அரிசி முடிந்திருந்தது. முதல் நாள் அண்ணனின் பெண்சாதி பரமேஸ் மச்சாள் பிள்ளைகளுக்கு வெறுந்தேத்தண்ணி கொடுத்தது எனக்குத் தெரியும். தூரத்தில் சண்டைச் சத்தம் கேட்டும் அதனால்தான் வந்தோம்.

கரைவலையில் என் வேலை பாறையில் நிற்பது. கீரிமீன் கூட்டம் வந்தால் தண்ணீர் கறுக்கும். கரைக்குக் கிட்ட வந்தால் தோணியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. பாறையில் நிற்பவனுக்குத் தெரியும். தலையில் கட்டும் துவாயைக் கீழே தொங்கவிட்டால் 'நில்லுங்கோ'. தலைக்கு மேலே வீசினால் 'கூட்டம் வந்திட்டுது, வலையைப் போட்டுக்கொண்டு கரைக்கு வாங்கோ'. இரண்டே இரண்டு சைகை. திரும்பிப் போ என்பதற்குச் சைகை இல்லை. மீனை விட்டுவிட்டு யார் திரும்பிப் போனார்கள்?

அடுத்த செல் கரையிலேயே விழுந்தது. மணல் பனையளவு எழும்பியது. இனிக் கரைதான் குறி என்று விளங்கியது. அண்ணன் கரைக்கு வரக் கூடாது. கரையை விட்டு உப்புவெளிப் பக்கமாக வெளியே போகவேண்டும். வேறு எதுவும் எனக்குள் இல்லை.

எழும்புகிறேன். தலையில் கட்டியிருந்த சிவப்புத் துவாயை உருவுகிறேன். பாறையில் ஏறி இரண்டு கையாலும் வீசுகிறேன். தலைக்கு மேலே.

"வராதே! அண்ணே, வராதே!"

காற்று கரையை நோக்கி அடித்தது. குரல் போகவில்லை. துவாய் போனது. அண்ணன் எழுந்து நின்று கையை உயர்த்திக் காட்டினார். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். சந்தோசப்பட்டேன். அதை நினைத்தால் இப்பவும் என்னையே எனக்குப் பிடிப்பதில்லை.

தோணியின் மூக்கு கரைப் பக்கம் திரும்பியது. வலை தண்ணீரில் இறங்கியது. அப்போதுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கு விளங்கியது. பதறிப்போய் இன்னும் வேகமாக வீசினேன். பெரிய கூட்டம் என்றால் அப்படித்தான் வீசுவோம். அவர்களும் இன்னும் வேகமாக வலித்தார்கள்.

கையைக் கீழே விட்டிருக்கலாம். நின்றிருப்பார்கள். அந்த நேரம் அது மூளைக்கு வரவில்லை. பிறகு வராத நாள் இல்லை.

"குப்."

எண்ணினேன். ஏழில் அண்ணனின் முகம் தெரிந்தது. சிரித்தபடி தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பதினொன்று.

சிவலிங்கத்தை மட்டும் உயிரோடு இழுத்தெடுத்தோம். கிண்ணியாவிலிருந்து மீன் வாங்க வந்திருந்த முஸ்லிம் வியாபாரி நானா, தன் லொறியில் இருந்த ஐஸை அப்படியே தெருவில் கொட்டினார். "பாத்துக்கிட்டு நிக்காதீங்க, ஏத்துங்க!" என்று கத்தினார். செல் விழ விழத்தான் ஓட்டினார். அந்த மனிசனுக்குக் கோயில் கட்டலாம்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிவலிங்கம் கண் திறந்தான். கோபமில்லை. மெல்லக் கேட்டான்.

"கரையில செல் விழுறதைப் பாத்தனாங்கள். நீ எழும்பி நிண்டு கூப்பிட்டாய். சரி, அவன் நிக்கிறான், பயமில்லை எண்டுதான் வந்தனாங்கள். கூட்டம் பெரிசோ?"

ஓம் என்றேன். பொய். ஒரு கையில்லாமல் கிடந்தவனிடம் வேறு எதைச் சொல்ல?

மச்சாளிடம் உண்மையைச் சொல்ல ஒன்பது வருசம் எடுத்தது. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து, முதுகு ஏலாமல் திரும்பி வந்திருந்தா. நான் சொல்லச் சொல்ல, குசினியில் மீன் வெட்டிக்கொண்டே கேட்டா. கத்தி நின்றது. "பிள்ளையளுக்குச் சொல்லாதே" என்றா. பிறகு வெட்டினா. அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

இப்போது சல்லியில் மறுபடி கரைவலை போடுகிறார்கள். வேறு ஆள் பாறையில் நிற்கிறான். போன மாதம் போய்க் கேட்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே பிணைத்தால் திரும்பிப் போ என்று ஒரு சைகை வையுங்கோ என்றேன். "இப்ப சண்டை இல்லைத்தானே அண்ணே, அது எதுக்கு?" என்று சிரித்தார்கள். நல்ல பிள்ளைகள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

இழந்தது என்னவென்று கேட்டு எழுத வந்தீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். மண்டாடி யோகன், வயது முப்பத்தெட்டு. வேலன், இருபத்தாறு, கலியாணம் பேசியிருந்தது. சிவலிங்கத்தின் வலது கை. தோணி ஒன்று. கரைவலை ஒன்று, எங்கள் அப்பாவும் அண்ணனும் இரண்டு வருசமாகக் கையால் பின்னியது. இழுத்த இருபது பேரின் தொழில். மச்சாளின் முதுகு. அவவின் பிள்ளைகள் தாயில்லாமல் வளர்ந்த ஏழு வருசம்.

அன்றைக்குக் கடலில் கூட்டம் இருக்கவில்லை. ஒரு மீன்கூட இல்லை. கூப்பிட்டது நான். அதையும் எழுதுங்கள்.