பாலத்துக்கு இந்தப் பக்கம்

காபி ஆறிவிடும், குடியுங்கள். ஆற்றுக்காற்று இந்த அறையில் எதையும் சூடாக இருக்க விடுவதில்லை. என்னை விசாரிக்க மாநில வழக்கறிஞர் மன்றம் உங்களை அனுப்பியிருக்கிறது. பாலத்தைத் தாண்டி எங்கள் நிலத்துக்குள் வந்து, மரியாதையாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

லவீனா எனக்குத் தங்கை முறை. அவள் கணவன் எங்கள் பழங்குடி அரசு நடத்தும் மீன் பதனிடும் ஆலையில் இறந்தான். குளிரறையில் குளிரூட்டும் அமோனியா வாயு கசிந்தது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. கதவுக்கு மிக அருகில்தான் கிடந்தான்.

அவன் பெயரை நான் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பழக்கம். இறந்தவரின் பெயரை எங்களில் எவரும் ஓராண்டுக் காலம் உச்சரிப்பதில்லை. ஆண்டு நிறைவில் குடும்பத்தார் விருந்து வைப்பார்கள். அவர்கள் அமர்த்தும் பேச்சாளர் எழுந்து, அந்தப் பெயரைக் கூட்டத்தின் நடுவே மீண்டும் அழைப்பார். அதன் பிறகே அது மற்றவர் வாய்க்கு வரும்.

அடக்கம் முடிந்த சில நாளில் லவீனா நீங்கள் இருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, கோட்டு போட்ட சால்மன் மீனுன்னு உங்கள எவ்வளவோ கிண்டல் பண்ணிருக்கேன். அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. நம்மாளுங்கள்ல வக்கீலுன்னா நீங்க ஒருத்தர்தான். அந்த மணி ஏன் அடிக்கல? நம்ம சனம் முன்னாடி அதுக்கு யாராச்சும் பதில் சொல்லியாகணும். எனக்கு அது போதும்."

அந்தப் பதில் நான்தான். அதற்கு முந்தைய வசந்தத்தில் மாநிலப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஆலையைப் பார்வையிட வந்தார்கள். அவர்களைப் பாலத்திலேயே திருப்பி அனுப்பும்படி எங்கள் பழங்குடி அரசின் சபைக்கு ஆலோசனை கூறினேன். எங்கள் மண்ணில் மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. அந்த ஆலோசனையில் இன்றும் ஒரு சொல்லை மாற்றமாட்டேன். மணி பழுது என்று ஆலை மேலாளர் அதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். நாமே சரிசெய்துகொள்வோம் என்றேன். பிறகு வேறு வேலைகள் வந்துவிட்டன.

சபையின் ஆலோசகனாக இருந்துகொண்டே அவள் வழக்கையும் எடுத்தது முறையில்லை என்பீர்கள். வெளியார் ஒருவர் எடுத்திருந்தால் எங்கள் இறையாண்மைக்கு நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்த்தேன். எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பழங்குடி நீதிமன்றத்தில் ஆலையின் மேல் வழக்குத் தொடரலாம். இறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடர வேண்டும். மாநில நீதிமன்றத்திலோ எங்கள் அரசின் மேல் வழக்கே செல்லாது. முதலாண்டுச் சட்ட மாணவனுக்கும் இது தெரியும். நான் மாநில நீதிமன்றத்தில் தாக்கல் செய்தேன். குளிர்காலம் முழுவதும் அது அங்கே கிடந்து, பிறகு எதிர்பார்த்தபடி தள்ளுபடியானது.

"நம்ம கோர்ட்டுலயே போட்டா என்னண்ணே?" என்றாள்.

"போடலாம்மா. ஆனா அங்க எந்திரிச்சு நின்னு, போனவரு பேரச் சொல்லித்தான் வழக்கத் தொடங்கணும். இன்னும் வருசம் திரும்பல. நீ சொல்லுவியா?"

அவள் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஐயோ, வேணாம். நான் காத்துக்கிறேன்."

விருந்தில் அமர்த்துவதைப் போலவே நீதிமன்றத்திலும் ஒரு பேச்சாளரை அமர்த்தலாம். துக்கம் காப்பவர்களுக்காகவே எங்கள் முன்னோர் அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். அதை நான் சொல்லவில்லை. அவள் துக்கத்தை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆண்டு நிறைந்தது. விருந்துக்குப் பேச்சாளராக அவள் என்னையே அமர்த்தினாள். பேச்சாளருக்குரிய கம்பளியை என் தோளில் போர்த்தி நிறுத்தினார்கள். பெயரை அழைத்தேன். கூடம் முழுவதும் அழுதது. அன்றோடு வழக்குக்கான கெடுவும் முடிந்தது.

பிறகு பேச்சாளர் ஏற்பாட்டையும் கெடுவையும் யாரோ அவளுக்கு விளக்கியிருக்கிறார்கள். தொழில்முறைத் தவறு செய்தேன் என்று மாநில நீதிமன்றத்தில் என் மேல் வழக்குப் போட்டாள். நான் எழுப்பியது ஒரே கேள்விதான்: என்னால் அவளுக்கு இழப்பு என்றால், எங்கள் நீதிமன்றத்தில் அவள் வென்றிருப்பாள் என்று நிறுவ வேண்டும், எங்கள் நீதிமன்றம் என்ன தீர்ப்பளித்திருக்கும் என்று மாநில நீதிபதி எப்படித் தீர்மானிப்பார்? சபையும் எனக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. நீதிபதி கண்ணியமானவர். எங்கள் இறையாண்மையை மதித்து, விசாரிக்காமலே வழக்கைத் தள்ளிவிட்டார்.

வெளியே, படிக்கட்டில் லவீனா என்னை நிறுத்தினாள்.

"நம்ம உரிமைக்குன்னு வேலி போட்டீங்க. சரி. உள்ள என்னை வச்சுப் பூட்டிட்டீங்களே, அண்ணே."

அவள் கோபத்தை நான் பொருட்படுத்தவில்லை. குடும்பம் நடக்க வேண்டுமே என்று ஆலையில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். குளிரறைப் பிரிவில். மணியை மாற்றலாமா என்று மேலாளர் போன மாதம் கேட்டார். இப்போது மாற்றினால் அன்று பழுதாக இருந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும், பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

காற்று திசை மாறியிருக்கிறது. கண் எரிகிறதா? மாலைப் பணி தொடங்கும் நேரத்தில் சில நாள் இப்படி லேசாக நெடி வரும். ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

இவற்றையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் எடுத்துப்போய் என்ன செய்ய முடியும் என்பதை உங்கள் மேலிடம் முடிவு செய்யட்டும். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் லவீனாவின் கணவனுக்கு அநீதி செய்தவனாக இருந்தால், அந்தப் பெயர் என் தொண்டையிலேயே நின்றிருக்கும். கேளுங்கள்.

டெல்மர் பென்.

பார்த்தீர்களா, என் குரல் சற்றும் நடுங்கவில்லை.